யானை வாங்கி அங்குசத்துக்குப் பேரம்

பெருவடிவ டிஜிட்டல் கேமராவைத் தோளில் சுமந்து மலையும் வயலும் அலைகிற இருவர் சந்தித்தால், பேச்சு லென்ஸில் தொடங்கி லென்ஸிலேயே முடிகிறது. ரோடன்ஸ்டாக் உயர்ந்ததா, ஷ்னைடர் உயர்ந்ததா? ஃபிலிம் காலத்து நிக்கோர் இன்றைய சென்ஸாருக்கு ஈடுகொடுக்குமா? லென்ஸின் கூர்மையைக் காட்டும் வரைபடங்கள் ஜாதகக் கட்டங்களைப் போலக் கைமாறுகின்றன; பொருத்தம் பார்க்கப்படுகிறது; தோஷம் கண்டுபிடிக்கப்படுகிறது. இடையில் யாராவது "அது எந்த ஷட்டரில் இருக்கிறது?" என்று கேட்டால் ஒரு சிறு மௌனம். "ஏதோ கோபல்தான், பழையது, ஓடுகிறது" என்று பதில் வரும். (ஜப்பானிய ஷட்டரின் பெயர் அது. நம் ஊர்க் கோபாலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு சிறு காரின் விலையைக் கொடுத்து லென்ஸ் வாங்கியவர், அதன் நடுவில் இருக்கும் ஷட்டர் சொன்ன நேரத்தில் திறந்து மூடுகிறதா என்று ஒருமுறைகூடச் சோதித்திருக்க மாட்டார். யானை வாங்கப் பணமிருக்கிறது, அங்குசத்துக்குத்தான் பேரம்.

இந்த வரிசை தலைகீழானது என்பது என் தரப்பு. திறந்தவெளியில் படமெடுக்கிறவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தன் முன்னால் அசைகிற உலகத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்போகிறான் என்பதை. அதைத் தீர்மானிப்பது ஷட்டர். லென்ஸ் அதற்குப் பின்னால் வருகிற விஷயம். வரிசை மாறிப்போனதால் பணம் விரயமாவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பாராமுகத்தின் நிழலில்தான், பல பத்தாண்டுகளாக எல்லா லென்ஸ் நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்த ஒரு தரம் சத்தமில்லாமல் செத்துப்போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கருவியைத் தொட்டிராத வாசகர்களுக்காகச் சில வரிகள். முன்னால் ஒரு பலகையில் லென்ஸ், பின்னால் ஃபிலிம் வைக்கும் சட்டகம், இரண்டுக்கும் நடுவில் துருத்தி. பெருவடிவக் கேமரா என்பது அடிப்படையில் இவ்வளவுதான். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே ஏறும், இறங்கும், சாயும். 4×5 அங்குல ஃபிலிமோ அதைவிடப் பெரியதோ உள்ளே போகும். டிஜிட்டலில் அந்த ஃபிலிமின் இடத்தில் ஒரு சென்ஸார் வந்து உட்காருகிறது. இன்று இந்த வகைக் கேமராக்களில் உச்சத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் சென்ஸாரின் அளவு 53.4×40 மில்லிமீட்டர், 15 கோடி பிக்ஸல்கள், ஒவ்வொரு பிக்ஸலும் 3.76 மைக்ரான். பரப்பளவில் இது 4×5 ஃபிலிமின் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆகவே 'பெருவடிவ டிஜிட்டல்' என்ற பெயரே பாதி மரியாதைக்காகச் சொல்லப்படுவது. உடல் பெருவடிவம், உள்ளே இருப்பது வேறு. பெயர் தந்த மயக்கத்தில் பழைய பெருவடிவத்தின் பழக்கங்களையும் அப்படியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பழக்கங்களில் முதன்மையானது துவாரத்தை இறுக்கி மூடுவது. 1932ல் சான் ஃபிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் ஆன்ஸல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் கூடி எஃப்/64 என்ற குழுவை அமைத்தார்கள். ஓவியத்தைப் போலி செய்து மங்கலாகப் படமெடுத்துக்கொண்டிருந்த அன்றைய மரபுக்கு எதிரான கலகம் அது. லென்ஸின் மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே குழுவின் பெயராக வைத்தார்கள். முன்னால் கிடக்கும் கூழாங்கல்லும் தொலைவில் நிற்கும் சிகரமும் ஒரே கூர்மையில் தெரிய வேண்டும் என்பது அதன் உட்பொருள். அழகான கொள்கை. அந்தக் கொள்கைக்குக் கீழே ஓர் இயற்பியல் இருந்தது, அதைத்தான் மறந்துவிட்டோம்.

ஒளி ஒரு சிறு துவாரத்தின் வழியே நுழையும்போது விளிம்பில் சிதறுகிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். அதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாக விழுகிறது. பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால் எஃப்/8ல் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 11 மைக்ரான், எஃப்/16ல் 21, எஃப்/64ல் 86. வெஸ்டன் 8×10 அங்குல நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து, பெரிதாக்காமல், அதே அளவில் அச்சிட்டார். 86 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. படிக்கும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அது புள்ளிதான். அவர் செய்தது சரி. ஆனால் 40 மில்லிமீட்டர் உயர சென்ஸாரில் எடுத்த படத்தை அதே 8×10 அச்சுக்குக் கொண்டுவர ஐந்து மடங்கு பெரிதாக்க வேண்டும். எஃப்/64ல் எடுத்திருந்தால் அந்தப் புள்ளி இப்போது 0.43 மில்லிமீட்டர் பூசணிக்காய். கொள்கையின் பெயரால் கொள்கையையே கொல்வது இது.

ஆடம்ஸே எண்ணுக்கு அடிமையாக இருந்தவர் அல்லர். 1941ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலவு எழுவதை அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தம். 8×10 கேமரா, எஃப்/32, ஒரு வினாடி. கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுந்த கடைசி வெயில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது நெகட்டிவ் எடுப்பதற்குள் அது போயே போய்விட்டது. எஃப்/64க்கு மூடியிருந்தால் நான்கு வினாடி வேண்டியிருக்கும். குழுவின் பெயரைவிடக் கையில் இருந்த நேரம் அவருக்குப் பெரியதாக இருந்திருக்கிறது.

எஃப்/64ஐ இன்று யாரும் பயன்படுத்துவதில்லையே என்று நண்பர்கள் ஆட்சேபிக்கலாம். உண்மை. எஃப்/22ஐப் பயன்படுத்துகிறார்கள், எஃப்/16ஐ எந்த உறுத்தலும் இல்லாமல் பயன்படுத்துகிறார்கள். 3.76 மைக்ரான் பிக்ஸல் உடைய சென்ஸார், ஒரு மில்லிமீட்டருக்குள் 133 கோட்டு இணைகள்வரை பிரித்தறிய வல்லது. எஃப்/22ல் எந்த லென்ஸானாலும், அது ஜெர்மனியில் செய்யப்பட்டதோ தேவலோகத்தில் செய்யப்பட்டதோ, மில்லிமீட்டருக்கு 83 இணைகளுக்கு மேல் ஒன்றையும் கடத்த முடியாது. எஃப்/16ல் உச்சவரம்பு 114. எஃப்/11ல் 165, எஃப்/8ல் 227. இவை நிறுவனங்கள் தரும் எண்கள் அல்ல. ஒளியின் அலைநீளம் தரும் எண்கள். எனவே, இன்றைய சென்ஸாருக்கென்றே வடிவமைக்கப்பட்ட ரோடன்ஸ்டாக் டிஜரான் ஒன்றை வாங்கி எஃப்/22ல் வைத்துப் படமெடுப்பவர், பட்டுப்புடவை வாங்கி அதற்குக் கஞ்சி போட்டு ஓங்கித் துவைக்கிறவர். படத்தின் மையத்தில் அவருக்குக் கிடைக்கும் கூர்மை, பழைய நிக்கோர்-டபிள்யூ வைத்திருப்பவருக்கு அதே எஃப்/22ல் கிடைப்பதிலிருந்து பெரிதாக வேறுபடாது.

சரி, எஃப்/8ல் எடுப்போம். இப்போது காற்று வருகிறது. முகத்தில் பட்டும் படாமலும் வீசுகிற மெல்லிய காற்றில் ஒரு புல்லின் நுனி வினாடிக்கு 10 சென்டிமீட்டர் அசைவதாகக் கொள்வோம். மிகக் குறைவான மதிப்பீடு இது. புல் ஐந்து மீட்டர் தொலைவில். லென்ஸ் 70 மில்லிமீட்டர். சென்ஸாரின் மேல் அந்த நுனியின் பிம்பம் வினாடிக்குச் சுமார் 1.4 மில்லிமீட்டர் ஓடும். 1/30 வினாடியில் 47 மைக்ரான். ஏறக்குறைய பன்னிரண்டு பிக்ஸல்கள். ஒரே ஒரு பிக்ஸலுக்குள் அதைப் பிடித்து நிறுத்த 1/380 வினாடி வேண்டும். மிகச் சிறந்த லென்ஸுக்கும் சுமாரான லென்ஸுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று பிக்ஸல். அந்த வித்தியாசத்துக்காக ஆயுள் சேமிப்பைக் கொட்டியவர்கள், புல் விழுங்கிய பன்னிரண்டு பிக்ஸலைப் பற்றிப் பேசுவதே இல்லை. பாறையும் கட்டடமும் மட்டுமே எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் புல்லும் இலையும் நீரும் இல்லாத நிலக்காட்சி எத்தனை?

இங்கேதான் கோபல் ஷட்டரின் மூன்று அளவுகளை நினைவில் கொள்ள வேண்டும். 0 என்ற சிறியது 1/500 வினாடிவரை போகும். 1 என்பது 1/400. 3 என்ற பெரியது 1/125ஓடு நின்றுவிடும்; இதழ்கள் பெரிதாகப் பெரிதாக அவற்றைத் திறந்து மூடும் வேகம் குறைகிறது. பெரிய துவாரமுள்ள லென்ஸைத் தேடி வாங்குகிறவர் தம்மையறியாமல் பெரிய ஷட்டரையும் அதனோடு மெதுவான ஷட்டரையும் வாங்குகிறார். 300 மில்லிமீட்டர் நிக்கோர்-டபிள்யூ எஃப்/5.6 வருவது கோபல் 3ல். அதே 300 மில்லிமீட்டரில் நிக்கோர்-எம் எஃப்/9 வருவது கோபல் 1ல். எடையும் அதில் ஒரு சிறு பங்குதான். எண்ணைப் பார்த்து மயங்கும் உலகத்தில் எஃப்/9 என்பது ஏழைவீட்டுப் பிள்ளை. ஆனால் குவியத்தூரம் நீளும்போது புல்லின் ஓட்டமும் சென்ஸாரில் அதே விகிதத்தில் பெருகுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 70க்குப் பதில் 300 என்றால் நான்கு மடங்குக்கும் மேல். எந்த இடத்தில் வேகம் மிக அதிகமாகத் தேவையோ, சரியாக அந்த இடத்தில் 1/125க்கு மேல் போகாத ஷட்டரை வாங்கி வைத்திருக்கிறோம். ஷட்டரை முதலில் கேட்டிருந்தால் எஃப்/9ஐ யோசிக்காமல் எடுத்திருப்போம்.

எஃப்/8ல் முன்னும் பின்னும் கூர்மையாக வராதே என்ற கேள்விக்குப் பதில் இந்தக் கேமராவின் எலும்பிலேயே இருக்கிறது. லென்ஸை முன்னோக்கிச் சில பாகைகள் சாய்த்தால் கூர்மையின் தளம் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஷெய்ம்ஃப்ளுக் 1904ல் காப்புரிமை பெற்று நிலைநாட்டிய விதி அது. (அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே பாரீஸின் கார்ப்பெந்தியே இதைச் சொல்லிவிட்டார், விதி யார் பெயரில் நிலைக்கிறது என்பதில் எப்போதும் நியாயம் இருப்பதில்லை.) எஃப்/22 கொடுத்ததை எஃப்/8லேயே சாய்வு கொடுத்துவிடுகிறது. மூன்று படி ஒளி மிச்சம். 1/30 வினாடியாக இருந்தது 1/250 ஆகிறது. இதைச் செய்யாதவர் எதற்காக இந்தத் துருத்தியைச் சுமக்கிறார் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. போதாததற்கு இன்றைய சென்ஸார்கள் உணர்திறனை இரண்டு படி உயர்த்தினாலும் முகம் சுளிப்பதில்லை. ஆனாலும் அடிப்படை ஐ.எஸ்.ஓ.வை விட்டு நகர்வதைப் பாவமாகக் கருதும் ஆசாரசீலர்கள் இருக்கிறார்கள். தானியத்தின் கறை படாமல் காற்றில் குழம்பிய படங்களை அவர்கள் எடுத்துக் குவிக்கட்டும்.

ஷட்டரே தேவைப்படாத ஒரு டிஜிட்டல் மரபும் உண்டு. இந்த விவாதத்தில் அதுதான் நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டர் லைட் நிறுவனத்தின் ஸ்கேன் செய்யும் பெட்டியை 4×5 கேமராவில் ஃபிலிம் சட்டகத்தின் இடத்தில் செருகுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரிசை உணரிகள் 72×96 மில்லிமீட்டர் பரப்பின் குறுக்கே ஊர்ந்து செல்லும். ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்; நிமிடக்கணக்கில் ஆகும். அலையும் இலையும் வானவில் கீற்றுகளாகப் பதியும், ஏனென்றால் மூன்று நிறங்களும் ஒரே கணத்தில் அந்த இடத்தைக் கடப்பதில்லை. இதன் முன்னோடிக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஸ்டீஃபன் ஜான்சன் 1994ல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைப் படமெடுக்கப் புறப்பட்டார். நூல் 2006ல் வந்தது. அசைவை வெல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டு, அசையாததைத் தேடிச் செல்வது அல்லது அசைவின் தடயத்தை ஏற்றுக்கொள்வது என்பதே அந்தக் கருவி விதிக்கும் ஒழுக்கம். அதன் பிக்ஸல் 12 மைக்ரான் என்பதால் எஃப்/16ம் பழைய லென்ஸுமே அதற்குப் போதுமானவை.

லினேயஸ் ட்ரைப்பின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858ல் தஞ்சைக்கு வந்தவர்; காகித நெகட்டிவில் எடுத்தவர்; லென்ஸ் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமே அவருடைய ஷட்டர். பெரிய கோவில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று கணினியில் செய்யும் ஒட்டுவேலையைக் கத்தியும் பசையும் கொண்டு செய்திருக்கிறார். ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்த எழுத்து காற்றில் ஆடாது. கருவியின் நேரத்தை அறிந்து பொருளைத் தேர்ந்தவர் என்று அவரைச் சொல்வேன்.

இப்போது லென்ஸுக்கு வரலாம். இவ்வளவு தூரம் வந்த பிறகு அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை என்பதே என் வாதத்துக்குச் சாதகம். பழைய கண்ணாடிக்கு ஓர் ஆன்மா உண்டு என்கிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. ஆன்மாவைப் பற்றித் தெரியாது. பழைய லென்ஸ் 4×5 ஃபிலிமின் 153 மில்லிமீட்டர் மூலைவிட்டத்தைத் தாண்டியும் பிம்பம் வீசும்படி, எஃப்/22ல் சிறந்து விளங்கும்படி செய்யப்பட்டது என்பது தெரியும். 67 மில்லிமீட்டர் மூலைவிட்டம் உள்ள சென்ஸாருக்கு அதில் பெரும்பகுதி வீண். வீணானது சும்மாவும் இருப்பதில்லை, துருத்திக்குள் சிதறித் திரும்பி வந்து கறுப்பை வெளுக்கச் செய்கிறது. எதிர்க் கோஷ்டி புதியதை மட்டுமே நம்புகிறது. அகலக்கோண லென்ஸில் சமச்சீர் வடிவமைப்பு எடை குறைந்தது, கோடுகளை வளைக்காதது. ஆனால் ஒளி சாய்ந்து விழுவதால் சென்ஸாரின் ஓரங்களில் நிறம் திரியும். பின்பக்கக் கண்ணாடியைத் தள்ளிவைத்துக் கதிர்களை நிமிர்த்தும் புது வடிவமைப்பு கனமானது, கொஞ்சம் கோடு வளைப்பது. 2018க்குப் பின் வந்த பின்னொளி சென்ஸார்களில் நிறத் திரிபு பெருமளவு அடங்கிவிட்டது. தேவையான சாய்வுக்கும் நகர்வுக்கும் போதுமான பிம்ப வட்டம், எஃப்/8ல் முழுக் கூர்மை, சிறிய ஷட்டர். இவ்வளவு போதும்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். 4×5 ஃபிலிம் சட்டகத்தின் ஆழத்துக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் அனுமதித்த பிசகு கூட்டியோ குறைத்தோ 0.18 மில்லிமீட்டர். எஃப்/8ல் இன்றைய சென்ஸார் பொறுத்துக்கொள்வது இரு பக்கமும் சுமார் 0.06. மரத்தால் செய்த பழைய கேமராவில் புது லென்ஸை மாட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

செத்துப்போன தரம் என்று முதலில் சொன்னேன். பெருவடிவ லென்ஸ் இரண்டு பகுதிகளாக வரும். ஷட்டரின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திருகி மாட்டுவது. ஷ்னைடர், ரோடன்ஸ்டாக், நிக்கான், ஃபுஜி என்று போட்டியாளர்கள் அனைவரும் அதே 0, 1, 3 மரைகளுக்கே தங்கள் கண்ணாடிகளைச் செய்தார்கள். ஷட்டர் பழுதானால் வேறொன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கைக்கடிகாரம் பழுதுபார்க்கத் தெரிந்த பொறுமைசாலி ஒருவரால் அதைத் திறந்து துடைத்து ஓடவைக்க முடியும். மின்கலம் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2010களின் நடுப்பகுதிக்குள் கோபல் இந்த இயந்திர ஷட்டர்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. லென்ஸ் கூர்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அன்று ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். அவ்வளவுதான்.

அந்த இடத்துக்கு வந்தவை மின்னணு ஷட்டர்கள். 2019ல் ஃபேஸ் ஒன் வெளியிட்ட எக்ஸ்டி கேமராவில், ரோடன்ஸ்டாக் லென்ஸுக்குள் விமானப் படக் கருவிகளிலிருந்து வந்த எக்ஸ்-ஷட்டர் இருக்கிறது. துல்லியமானது, வேகமானது, கோபலைவிட நல்ல ஷட்டர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குக் கட்டளையும் மின்சாரமும் அந்தக் கேமராவிலிருந்தும் அதன் டிஜிட்டல் பெட்டியிலிருந்தும் வர வேண்டும். கண்ணாடி நூறாண்டு உழைக்கும். அதைப் பூட்டியிருக்கும் மின்சுற்று எத்தனை ஆண்டு? ஷட்டரே வேண்டாம், சென்ஸாரே வரிசை வரிசையாகப் படித்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வழி. படித்து முடிப்பதற்குள் புல் நகர்ந்துவிடுவதால் அது சாய்ந்தும் நெளிந்தும் பதியும்; ஸ்கேன் பெட்டியின் அதே குறை, அதன் நேர்மை மட்டும் இல்லாமல். ஃபுஜியின் ஜிஎஃப்எக்ஸ் போன்ற உடல்களைத் துருத்தியின் பின்னால் மாட்டினால் உடலுக்குள் ஓடும் திரை ஷட்டர் கிடைக்கிறது. ஷட்டர் இல்லாத பழைய லென்ஸும் உயிர்பெறும். ஆனால் சென்ஸார் இன்னும் சிறியது, உடலின் ஆழம் அகலக்கோண லென்ஸைக் கிட்டே வர விடாது. இருந்தாலும் இன்றைக்குப் பணம் குறைந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி அதுதான்.

பழைய கோபல் வாங்குகிறவர்கள் ஒரு வினாடியில் வைத்து அழுத்தி, பற்சக்கரங்கள் தடங்காமல் ரீங்கரிக்கின்றனவா என்று காதால் கேளுங்கள். வேகமான எண்களைக் கருவி வைத்து அளந்து பாருங்கள். 1/400 என்று பொறித்திருப்பது 1/250 ஆக இருப்பது சர்வசாதாரணம். எக்ஸ்போஷர் பிழையைத் திரையிலேயே கண்டு திருத்திவிடலாம். புல்லின் குழப்பம் வீட்டுக்கு வந்து பெரிதாக்கும்போதுதான் தெரியும்.

மின்னணு ஷட்டர் விற்கும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மரையின் அளவையும் கட்டளைகளின் விவரத்தையும் வெளியிடுங்கள், நாளை வேறொருவர் செய்த பெட்டியாலும் உங்கள் ஷட்டரைத் திறந்து மூட முடிய வேண்டும் என்று. அடுத்த முறை டிஜரானின் விலையை விசாரிக்கும் நண்பர்கள் அதே கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.